தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: மூட்டுவலி உள்ள அம்மாவையும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகனையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடி போகிறோம். காலையில் மயிலாடுதுறையில் இறங்குவோம். அதே நாளில் வேளாங்கண்ணியும் பார்த்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. நான் பக்கத்துப் பொறையாறில் பிறந்து வளர்ந்தவள். கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் வண்டி ஏறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். வேளாங்கண்ணிக்கு வேறொரு நாள் வையுங்கள். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அன்று கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

மயிலாடுதுறையிலிருந்து பேருந்து உண்டு. 1792இல் கட்டிய நகர வாசலில் இறங்கி ராஜா வீதியில் நடந்தால், நேரே கடலுக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் கோட்டையை முடித்துவிடுங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அம்மாவால் மேலே ஏற முடியாவிட்டால் பரவாயில்லை, கீழே வளைவு அறைகளில் நல்ல நிழல்.

நேரத்தை மிச்சம் பிடித்து வைக்க வேண்டிய இடம் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீட முத்திரை இருக்கும். பலிபீடத்தருகே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. 1706இல் வந்தவர், இங்குள்ள பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் முதன்முதலாக அச்சேறியது இந்த ஊரில்தான், 1715இல். ஆலயத்தைக் கட்டி முடித்த மறு வருஷமே, 36 வயதில் இறந்துபோனார். இதை மகனுக்கு அங்கேயே நிற்கவைத்துச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகக்கூடாது.

கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாறைகள் வழுக்கும், பையனை அலைப்பக்கம் இறங்க விடாதீர்கள்.

கடற்கரையில் சாப்பாட்டுக்குப் பெரிதாக வசதி இல்லை. பொறையாறு கடைத்தெருவுக்கு வந்துவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும், அம்மாவுக்குத் தெம்பிருந்தால், போகிற வழியில் திருக்கடையூர் அபிராமியைக் கும்பிட்டுவிட்டு மயிலாடுதுறையில் ரயில் ஏறலாம்.