தன்னார்வலர்களாகச் சேர்ந்து மேடை நிகழ்ச்சி நடத்துகிறோம். எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அவசியமா? அதில் என்ன சொல்லித்தர வேண்டும்?

கட்டாயம் வேண்டும். இப்படிப்பட்ட குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தீயணைப்பானைக் காட்டி, முதலுதவிப் பெட்டியைத் திறந்துகாட்டி, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கியதும் பல பயிற்சிகள் முடிந்துவிடுகின்றன. அதெல்லாம் தேவைதான். ஆனால் ஆபத்து வந்தால் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்வது யார், அது மேடைவரை எப்படிப் போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட வேண்டும்.

2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் பலத்த காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். வானிலை மோசமாகிறது என்பது நடத்தியவர்களுக்கு முன்பே தெரியும். நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பதில் தெளிவு இல்லாமல் போனதைப் பின்னால் வந்த ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் சியோலில் 159 பேரைப் பலிகொண்ட நெரிசலிலும், பல மணி நேரம் முன்பிருந்தே காவல்துறைக்கு எச்சரிக்கை அழைப்புகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆபத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், சொல்லவும் செய்தார்கள். முடிவெடுத்துச் செயலில் இறங்க ஆள் இல்லை.

அதனால் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவருக்கு மாற்றாக இன்னொருவர். விருந்தினரை வரவேற்பது, பரிசு வழங்குவது என்று வேறு எந்த வேலையும் அவர்களுக்கு வேண்டாம். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகும், ஆகவே வாக்கிடாக்கி அவசியம். நிறுத்தும்போது சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்களை அட்டையில் எழுதித் தொகுப்பாளர் கையில் கொடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் சொல் வராது. ஒலி, ஒளி பார்ப்பவர்களையும் பயிற்சிக்கு வரவழையுங்கள்: பாட்டு நிற்க வேண்டும், கூட்டத்தின் பக்கம் விளக்கு எரிய வேண்டும், அறிவிப்பு எல்லோருக்கும் கேட்க வேண்டும். ஒரு தடவையாவது இதைச் செய்துபார்க்காமல் விடாதீர்கள்.

அடுத்தது கூட்டம். நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நின்றபடியே, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சடைத்துத்தான் உயிர் போகிறது. தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் ஒட்டி, அதில் இரண்டு பேர், நான்கு பேர், ஐந்து பேர் என்று நிற்கவைத்துக் காட்டுவேன். ஐந்துக்கு மேல் போனால் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் யாரும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, கூட்டமே அலையாக அசையும். கைகளை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு நிற்பவர்கள், காற்றுக்காக முகத்தை மேலே தூக்குபவர்கள், தடுப்பைத் தாண்டி ஏறப் பார்ப்பவர்கள் கண்ணில் பட்டால் உடனே தகவல் போக வேண்டும். முன்னால் நசுங்குவது பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. எனவே முதலில் உள்ளே வருவதை நிறுத்துங்கள், அப்புறம் பின்வரிசையிலிருந்து ஆட்களைக் கலையுங்கள். 2010-ல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் நடந்த லவ் பரேட் இசைவிழாவில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சரிவுப்பாதை. 21 பேர் இறந்தார்கள். உங்கள் மைதான வரைபடத்தில் இரண்டு வழியும் எங்கேயாவது சேருகிறதா என்று இன்றே பாருங்கள்.

தீ என்றால் மக்கள் வந்த வாசலுக்கே திரும்பி ஓடுவார்கள். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடை வாணவேடிக்கையில் தீப்பிடித்தபோது, முன்வாசலில் நெருக்கியடித்துப் பலர் சிக்கினார்கள். மொத்தம் 100 பேர் இறந்தார்கள். மற்ற வாசல்கள் எங்கே என்பதை நிகழ்ச்சி தொடங்கும்முன் மைக்கில் சொல்லுங்கள். அந்த வாசல்களை நாற்காலி போட்டு அடைக்காதீர்கள்.

மின்சாரத்துக்கு விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனும் கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் சாதனமும் வேண்டும். ஜெனரேட்டர் திறந்த வெளியில், ஆட்களிடமிருந்து தள்ளியே இருக்கட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் எல்லோரும் பாதுகாப்பான கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம். நெஞ்சு அழுத்தும் முதலுதவியைப் பொம்மையில் ஒவ்வொருவரும் கையால் செய்துபார்க்கட்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். பக்கத்தில் நின்று பார்த்தால் கை பழகாது.

நேரம் அதிகம் தேவைப்படாது, அரை நாள் போதும். ஆனால் நிகழ்ச்சி நடக்கப்போகும் இடத்திலேயே வையுங்கள். முடிவில் எல்லோருக்கும் ஒரே ஒரு தாள் கொடுங்கள். நிறுத்தும் பொறுப்பு யாருக்கு, முதலுதவி எங்கே, ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், அதை எதிர்கொண்டு உள்ளே கூட்டிவர அங்கே யார் நிற்பார் என்பவை அதில் இருந்தால் போதும்.