தில்லி வெயிலும் கிராபிக்ஸ் கார்டும்: ஃபிரேமுக்குக் கடிவாளம் போடலாமா?

மே மாதம் பிறந்தால் போதும், தில்லியில் இருக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரே புகார்: கம்ப்யூட்டரில் கேமுக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு கொதிக்கிறது. கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

மயூர் விஹார்: அண்ணா, என்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு. வாலரன்ட் ஆடினாலே 80 டிகிரியைத் தொடுகிறது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்தான். ஃபிரேம் லிமிட் போடு, அதாவது நொடிக்கு இத்தனை படம்தான் என்று கட்டிவிடு என்கிறான் நண்பன். போட்டால் கேம் திணறாதா?

திணறாது தம்பி. உன் மானிட்டர் நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். கார்டோ, யாரும் தடுக்காவிட்டால், முடிந்த மட்டும் வரைந்து தள்ளும். நொடிக்கு 240 ஃபிரேம் வரைந்தால் அதில் பெரும்பாலானவை முழுசாகத் திரைக்கே வராது. ஆனால் அத்தனைக்கும் மின்சாரம் செலவாகியிருக்கும், அந்த மின்சாரம் மொத்தமும் சூடாக உன் அறையில்தான் இறங்கும்.

60 என்று கட்டினால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். வேலை 4 மில்லிசெகண்டில் முடிந்தால் மீதி நேரம் கார்டு சும்மா இருக்கும். வேலை குறைந்ததைப் பார்த்து கிளாக் வேகமும் வோல்டேஜும் தானாக இறங்கும். இதில் வோல்டேஜ் இறங்குவதுதான் பெரிய லாபம், ஏனென்றால் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. வாலரன்ட் மாதிரி துப்பாக்கி கேம்களில், மானிட்டர் 60 ஹெர்ட்ஸாக இருந்தாலும், ஃபிரேம் அதிகமிருந்தால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே உள்ள தாமதம் கொஞ்சம் குறையும். ரேங்க் ஏறும் வெறி இருந்தால் 120 வைத்துக்கொள். கதை கேம்களுக்கு 60 தாராளம்.

ஆர்.கே.புரம்: இந்த லிமிட்டை எங்கே போய் செட் பண்ணுவது?

முதலில் அந்த கேமின் செட்டிங்ஸிலேயே தேடுங்கள், தாமதம் குறைவாக இருப்பது பெரும்பாலும் அங்கேதான். அங்கே இல்லாவிட்டால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸுக்குள் மேக்ஸ் ஃபிரேம் ரேட் இருக்கிறது. 2020 ஜனவரி டிரைவரில் வந்த வசதி இது. ஏஎம்டி கார்டு என்றால் ‘ரேடியான் சில்’ (Chill) என்ற வசதி. இரண்டும் பிடிக்காதவர்களுக்கு ரிவாட்யூனர் என்ற தனி மென்பொருள் இருக்கவே இருக்கிறது. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் போடுங்கள். மூன்று இடத்திலும் மூன்று எண் போட்டுவிட்டு, கேம் விக்குகிறது என்று என்னிடம் வராதீர்கள்.

ஜனக்புரி: ஆடும்போது அமைதியாக இருக்கிறது, மெனுவுக்கு வந்தால் ஃபேன் அலறுகிறது. பேயா அண்ணா?

பேயெல்லாம் இல்லை. மெனுவில் வரைய ஒன்றுமே இல்லாததால் ஃபிரேம் நூற்றுக்கணக்கில் பறக்கும். 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 கேம் வந்தபோதே இதே புகார்தான், மெனுவிலேயே கார்டுகள் கொதித்தன. 2021-ல் நியூ வேர்ல்ட் கேமின் பீட்டாவில் (சோதனைப் பதிப்பில்) சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தே போயின, அப்புறம் மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு வைத்தார்கள். அதற்காகப் பழியை கேம்மேல் மட்டும் போட முடியாது. அந்தக் கார்டுகளில் ஒரு தொகுதியில் சாலிடரிங் சரியில்லை என்று அவற்றைத் தயாரித்த ஈவிஜிஏ நிறுவனமே ஒப்புக்கொண்டது. நல்ல கார்டாக இருந்தால் சூடு மிஞ்சும்போது தானே வேகத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ளும்.

துவாரகா: ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க் போட்டால் போதாதா?

சூடு குறையும், ஆனால் தாமதம் கூடும். கார்டின் வேகத்துக்கேற்ப தானே மாறும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் மானிட்டர் இருந்தால் அதன் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே ஃபிரேமைக் கட்டுங்கள்: 144 ஹெர்ட்ஸுக்கு 140.

கரோல் பாக்: என் மகன் தினம் நாலு மணி நேரம் ஆடுகிறான். இதனால் கரண்ட் பில் குறையுமா?

குறையும் சார். கார்டில் 100 வாட் மிச்சமானால், நாலு மணி நேரம், முப்பது நாள், 12 யூனிட். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஆனால் 200 யூனிட் வரை கட்டணமில்லாத ஊரில், அந்தக் கோட்டை ஒட்டி ஓடும் வீட்டுக்கு 12 யூனிட் பெரிசு. ஏசி ஓடும் அறையென்றால், அந்த 100 வாட் சூட்டை வெளியேற்றும் வேலை ஏசிக்கும் மிச்சம்.

ரோகிணி: 60 கட்டியும் சூடு ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. நேரு பிளேஸில் ஒரு கடையில் இன்னும் மூன்று ஃபேன் வாங்கச் சொல்கிறார்கள்.

லிமிட் இல்லாமல் எவ்வளவு ஃபிரேம் வருகிறது என்று பாருங்கள். 50 தான் வருகிறதென்றால் 60 வைத்து என்ன பயன்? கார்டு ஏற்கெனவே மூச்சைப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கிறது. 40 வைக்கலாம், அல்லது ஷேடோ தரத்தைக் குறைக்கலாம், அல்லது ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை) 80 சதவீதத்துக்கு இழுக்கலாம். ஃபிரேம் குறைவது பெரும்பாலும் அதைவிடச் சிறிய அளவில்தான் இருக்கும்.

ஃபேன் வாங்கும் யோசனை எனக்கு ஒப்பவில்லை. ஃபேன் ஊதுவது உங்கள் அறைக் காற்றைத்தானே. அறை 28-லிருந்து 38-க்கு ஏறினால் கார்டும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். எத்தனை ஃபேன் வைத்தாலும் 38-க்குக் கீழே கொண்டுபோக முடியாது.

அதற்கு முன் தூசியைப் பாருங்கள். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே டார்ச் அடியுங்கள். ஃபேனுக்கு நேர் பின்னால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி படிந்திருக்கும். தண்ணீர் கூலர் ஓடும் அறையென்றால் ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு பிரஷ்ஷால்தான் வரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். லூ என்ற அனல் காற்று அடிக்கும் மாதங்களில் கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள், மேஜைமேல் ஏற்றிவிடுங்கள்.

நொய்டா: லேப்டாப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

லேப்டாப்புக்குத்தான் இன்னும் அதிகமாகப் பொருந்தும். பல மாடல்களில் பிராசஸரும் கிராபிக்ஸும் ஒரே செப்புக் குழாயில்தான் சூட்டைக் கடத்துகின்றன. ஒன்று அடங்கினால் மற்றதுக்கும் இடம் கிடைக்கும். மெத்தைமேல் வைத்து ஆடுவதை மட்டும் நிறுத்துங்கள்.