கடலோரப் பள்ளியில் குறைந்த செலவில் கணினி அறை: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் கணினி அறைகளை அமைத்துப் பராமரிப்பவர், வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

தலைமையாசிரியை, தொண்டி அருகே: முன்னாள் மாணவர்கள் ஒன்றரை லட்சம் ரூபாய் திரட்டித் தந்துள்ளார்கள். இருபது கணினிகள் வாங்கிவிடலாமா ஐயா?

பத்து போதும் அம்மா. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் உட்காரட்டும். மிச்சப்படும் தொகை வயரிங், பேட்டரி, சன்னல் ஆகியவற்றுக்குத் தேவைப்படும். அலுவலகங்கள் கழித்து, கடைக்காரர்கள் புதுப்பித்து விற்கும் மினி கணினிகளில் 8 ஜிபி ரேமும் (நினைவகம்) எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) உள்ளனவாகப் பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவுவதே நல்லது. உரிமக் கட்டணமும் இல்லை.

ஆசிரியர், கீழக்கரை: கோடை விடுமுறை முடிந்து அறையைத் திறந்தால் பாதிக் கணினிகள் இயங்கவில்லை. பத்திரமாகப் பூட்டித்தானே வைத்திருந்தோம்?

பூட்டி வைத்ததுதான் சிக்கல். பெட்டியைக் கழற்றிப் பாருங்கள்: திருகுகளின் தலையில் துரு ஏறியிருக்கும், இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். கடற்காற்றில் வந்து படியும் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடுகிறது. கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். இயங்கும் கணினியின் பலகை சற்றே சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் தங்குவதில்லை. அணைத்து வைத்த கணினிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே விடுமுறையிலும் வாரம் இருமுறை, மணிக்கணக்கில் இயக்க ஓர் ஆளை நியமியுங்கள். விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுப்பதால், விசிறியில்லாத கணினி கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைக்கும். பருத்தித் துணியால் மூடலாம். மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள உங்கள் ஊரில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வரும் திசைச் சன்னலையும், பாக் விரிகுடாப் பக்கத்து ஊர்களில் வாடை வரும் திசைச் சன்னலையும் கண்ணாடியிட்டு அடைத்துவிடுவது, ஏசி வாங்குவதைவிட மலிவு.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், பாம்பன்: அடிக்கடி மின்சாரம் போகிறது. எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

மினி கணினியும் எல்இடி திரையும் சேர்ந்து சுமார் 40 வாட் இழுக்கும் என்று வைத்தால், பத்துக்கும் 400 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றின் கணக்குக் கொள்ளளவு 1,800 வாட்-மணி. ஆனால் பாதிக்கு மேல் வடிந்தால் அதன் ஆயுள் குறையும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் விழுங்கும். எனவே இரண்டு மணி நேரம் என்று கொள்ளுங்கள்.

பேட்டரியைவிட எர்த்தில்தான், அதாவது மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பில்தான், அதிகம் ஏமாறுகிறார்கள். உலர்ந்த கடல்மணலில் மின்தடை அதிகம். உப்புநீர் ஊறும் இடத்தில், எர்த்துக்காகப் புதைக்கும் இரும்புக் குழாய் அரித்துப்போகும். செம்பு பூசிய கம்பியைச் சுற்றிப் பென்டோனைட் களிமண் நிரப்பச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருப்பதை மின்பணியாளர் அளந்து காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

பெரியபட்டினத்துக்காரர், துபாயிலிருந்து: இங்கே கழிக்கும் மடிக்கணினிகளை மொத்தமாக அனுப்பலாமா?

வேண்டாம். பயன்படுத்திய கணினிகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. பணமாக அனுப்புங்கள்.

தன்னார்வலர், தங்கச்சிமடம்: இணையம் நின்று நின்று வருகிறது. பாடம் எப்படி நடத்துவது?

இணையமின்றிப் படிக்க உதவும் மென்பொருள்கள் உண்டு. ஒரு கணினியில் அவற்றுள் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும், கொலிப்ரி வழியாகப் பாடக் காணொளிகளையும் ஒருமுறை இறக்கிவைத்து, சாதாரண வைஃபை ரவுட்டரால் மற்றவற்றோடு இணைத்துவிட்டால், இணையமே இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கும்.

தமிழாசிரியை, ஏர்வாடி: பிள்ளைகளுக்கு எந்த விசைப்பலகை முறையைக் கற்றுத்தருவது?

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99-ஐ. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைவதால் பிள்ளைகள் விரைவில் பழகுவார்கள். விசைகளின்மேல் ஒட்டும் எழுத்துகள் நம் ஊர் ஈரக்காற்றில் பெயர்ந்துவிடும். விசைப்பலகைப் படத்தை அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள்.