ரோபோ அறுவை சிகிச்சை: கன்சோலில் உட்காரப்போவது யார்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. புராஸ்டேட் புற்றுநோய், வெளியே பரவவில்லை. ரோபோ மூலம் அகற்றலாம் என்கிறார் டாக்டர். மெஷினை நம்பலாமா? டாக்டர்கள் இதை எப்படிப் பழகுகிறார்கள்? நோயாளிகள் மேலேயா?

பதில்: மெஷின் தானாக ஒரு தையல்கூடப் போடாது. டாக்டர் சற்றுத் தள்ளி, கன்சோல் என்ற கட்டுப்பாட்டு இருக்கையில் உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கையை அசைப்பார். வயிற்றுக்குள் இருக்கும் கருவிகள் கை நடுக்கத்தை நீக்கிவிட்டு, அதே அசைவைச் சிறிய அளவில் செய்யும். ரத்த இழப்பு குறையும். நம்ப வேண்டியது டாக்டரை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 300க்கும் மேற்பட்டவர்களிடம், வயிற்றைத் திறந்து கையால் செய்யும் திறந்த முறையையும் ரோபோவையும் ஒப்பிட்டார்கள். 2016-ல் முடிவு வந்தது: 12 வாரம் கழித்துப் பார்த்தால் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்தியத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் திறந்த முறையில் செய்தவருக்கு அனுபவம் பல மடங்கு அதிகம். அனுபவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். அது திறந்த முறை பற்றியது. 10 அறுவை மட்டுமே செய்திருந்தவர்களிடம் ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம், 250 செய்தவர்களிடம் 10.7.

சரி, பழகுவது எப்படி? முதலில் சிமுலேட்டர், அதாவது கணினியில் போலி அறுவைப் பயிற்சி. அப்புறம் மேஜையருகே உதவியாளராக நின்று கருவி மாற்றுவது, ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது. பிறகுதான் கன்சோல், அதுவும் படிப்படியாக. சிறுநீர்ப்பையை வயிற்றுச் சுவரிலிருந்து பிரிப்பது போன்ற சுலபமான கட்டங்களை முதலில் தருவார்கள். விறைப்புக்கான நரம்புகளைக் காப்பாற்றிப் பிரிப்பதும், புராஸ்டேட்டின் நுனியை அறுப்பதும் கடைசியில்தான். பரவலாகப் பயன்படும் டா வின்சி ரோபோவின் கருவிகளில் பல ஆண்டுகளாகத் தொடு உணர்ச்சியே இருக்கவில்லை. நூல் இறுகியதா, அறுந்துவிடுமா என்பதைக் கண்ணால் மட்டுமே கணிக்க வேண்டியிருந்தது. அதில் விசையை உணரும் கருவிகள் டா வின்சி 5 என்ற புது மாடலில், 2024-ல்தான் வந்தன. புதியவர்கள் நூலை அறுத்துவிடுவது சகஜம். அதனால்தான் தையலை மாதிரிகளில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். இரட்டைக் கன்சோல் இருந்தால், ஆசிரியர் நொடியில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம்.

எனவே, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, மாணவர் ஒரு கட்டத்தைச் செய்கிறார் என்றால் நான் பயப்பட மாட்டேன். புது மெஷினும் கையில் குறைந்த அனுபவமுமாகத் தனியாகச் செய்பவரிடம்தான் தயங்குவேன். தயங்காமல் கேளுங்கள்: தனியாக எத்தனை செய்திருக்கிறீர்கள், போன வருடம் எத்தனை, ஒரு வருடத்துக்குப் பிறகும் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர்? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பயாப்சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். கிளீசன் (புற்றுநோயின் தீவிரத்தைக் காட்டும் எண்) 6 என்றிருந்தால், உடனே அறுவை வேண்டாம், பி.எஸ்.ஏ என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக் கண்காணிக்கலாம் என்று சொல்லும் வாய்ப்பும் உண்டு. அதற்கு மேல் என்றால் கதிர்வீச்சும் ஒரு வழி. தேதி குறிக்கும் முன் கதிர்வீச்சு நிபுணர் ஒருவரையும் பார்த்துவிடுங்கள்.