வன்னிக் காட்டுத் தடத்தில் ஒரு நாள் ஜீப் பயணம்: கேள்வி பதில்

முல்லைத்தீவுப் பக்கக் காட்டுப் பாதைகளுக்கு ஜீப்பில் ஆட்களைக் கூட்டிப்போய் வருகிறேன். விடுமுறைக்கு வர இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, போன வருடம் ஜோர்தானில் வாடி ரம் பாலைவனத்துக்குப் போனேன். மணலில் ஜீப் ஓட்டம், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை. வன்னியில் அப்படி ஏதும் உண்டா? (கனடாவிலிருந்து ஒரு தம்பி)

இல்லை தம்பி. அது மணற்கல் மலைகளைத் தண்ணீரும் காற்றும் அரித்து உண்டான இடம். கசாலி என்ற பாறை இடுக்கில் பழங்கால எழுத்துகள் கீறியிருப்பதையும் பார்த்திருப்பீர். வன்னி தட்டையான நிலம். ஆனால் ஆடி, ஆவணியில் எங்கள் ஆறுகள் வற்றி வெறும் மணலாகக் கிடக்கும். இரண்டு கரை மருதமரங்களும் மேலே ஒன்றோடொன்று கூடி நிற்கும். தண்ணீருக்காக யானை மணலைத் தோண்டிய குழிகளைப் பார்க்கலாம். யானை போனபிறகு அதே குழியில் மான் வந்து குடிக்கும். இதைப் பார்க்கத்தான் நான் ஆட்களைக் கூட்டிப்போகிறேன்.

எந்த மாதம் நல்லது?

ஆனி முதல் ஆவணி வரை. ஐப்பசிக்குப் பிறகு மாரி தொடங்கிவிடும், குளங்கள் வான் பாயும், காட்டுப் பாதை சேறாகிவிடும். அப்போது கேட்டாலும் நான் போவதில்லை.

வாடகைக்கு ஒரு ஃபோர் வீல் எடுத்து, போனில் வரைபடத்தைப் பார்த்து நாங்களே போனால் என்ன? வழிகாட்டி கட்டாயமா?

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அந்தப் பெரிய வீதியில் நீங்களே தாராளமாகப் போகலாம். முத்தையன்கட்டுக் குளத்தைப் பார்க்கவும், வற்றாப்பளை அம்மனைக் கும்பிடவும் யாரும் வழிகாட்டத் தேவையில்லை.

காட்டுக்குள் இறங்குவது வேறு. போர் முடிந்தது 2009இல். மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. மிதிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது, நிலத்தைத் துப்புரவாக்க அதன்படி கிடைத்த தவணை 2028 வரை. வரைபடத்தில் ஒரு கோடு தெரிகிறது என்பதற்காக அது ஆட்கள் புழங்கும் பாதை என்று நினைக்காதீர்கள். இருபது, முப்பது வருடமாக யாரும் கால் வைக்காத பாதையாகவும் இருக்கலாம். மாடு சாய்ப்பவர்களும் தேன் எடுக்கப் போகிறவர்களும் இன்று புழங்கும் தடம் எது என்பதை அந்த ஊர் ஆள்தான் சொல்ல முடியும். எனக்கே தெரியாத பக்கம் என்றால், அங்குள்ள ஒருவரை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டுதான் போவேன்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. சிறுநீர் கழிக்க என்றாலும் தடத்தை விட்டு பத்தைக்குள் போகவேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தெரியாமல் உள்ளே போய்விட்டால் நின்ற இடத்திலேயே நின்று மற்றவர்களையும் நிற்கச் சொல்லுங்கள், உதவிக்கு அழையுங்கள். உருண்டையாகவோ குழாய் போலவோ எதைக் கண்டாலும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது. ஏறுவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஒதுக்குக் காடு, சரணாலயம் என்றால் உரிய திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

நாயாற்றுப் பக்கம் கடற்கரை மணலில் வாகனம் புதையாதா அண்ணா? (வவுனியாவிலிருந்து ஒரு தங்கை)

புதையும். ரயரில் வழக்கமாக 32, 35 பிஎஸ்ஐ காற்று இருக்கும். மணலில் இறங்குமுன் 18, 20 அளவுக்குக் குறைத்தால் ரயர் அகன்று மண்ணில் பரவும். 15க்குக் கீழே போனால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். திரும்பக் காற்றடிக்க சின்னப் பம்ப் ஒன்று கையில் இருக்க வேண்டும். காலமை ஈரத்தில் மணல் இறுகியிருக்கும், மத்தியான வெயிலில் இளகிவிடும்.

சில்லுச் சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். அழுத்த அழுத்த இன்னும் தாழும். வந்த ரயர் தடத்திலேயே மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். முதல் வருடம் நான் இதைக் கேளாமல் அச்சு வரை தாழ்த்திவிட்டேன். கரைவலை இழுக்கிற உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்துதான் இழுத்தார்கள். காசு கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீனும் தந்து அனுப்பினார்கள்.

யானை குறுக்கே வந்தால்?

தூரத்திலேயே நிற்பாட்டி அதற்கு வழிவிடுங்கள். கோண் அடிக்கவோ லைற்றை அடித்துக் காட்டவோ வேண்டாம். பின்னுக்குப் போக இடம் வைத்திருங்கள். பின்னேரத்தில் அவை குளத்துக்கு வரும் என்பதால் நான் நாலு மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுவேன். யானையை விட எனக்குக் கரடிக்குத்தான் பயம். பாலைப்பழக் காலத்தில் அதுவும் பழத்துக்கு வரும், திடீரென்று நேருக்கு நேர் சந்தித்தால் பாய்ந்துவிடும். எவ்வளவு ஆசை வந்தாலும் தனியே பழம் பொறுக்க இறங்காதீர்கள்.

அப்பாவுக்கு 74 வயது. ஒட்டுசுட்டானில் பிறந்தவர், 1990க்குப் பிறகு போனதில்லை. இந்தக் குலுக்கலைத் தாங்குவாரா? (இலண்டனிலிருந்து ஒரு அக்கா)

கூட்டிவாருங்கள் அக்கா. முன் சீற்று அவருக்குத்தான். முதுகுக்கு ஒரு தலையணை, குடிக்க மூன்று லீற்றர் தண்ணீர், மருந்து எல்லாம் கையோடு இருக்கட்டும். உள்ளே சில இடங்களில் போன் சிக்னல் இல்லை, அதனால் இதய வருத்தம் ஏதும் இருந்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பாதையைச் சுருக்கிவிடலாம். அவர் சின்ன வயதில் குளித்த குளத்தின் பெயரை மட்டும் கேட்டு அனுப்புங்கள். அங்கே போகும் தடம் இப்போது புழக்கத்தில் இருக்கிறதா என்று நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.