மூத்த மகன் நின்ற வயல்

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. இருவருக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறோம். இனி ஓவியத்தையும் வேதபாடத்தையும் ஒரே வகுப்பாக நடத்தலாமா என்று யோசிக்கிறோம். அதற்கு வயதுவாரியான பாடத்திட்டம் ஏதாவது உண்டா? எனக்குப் படம் வரைய வராது, அது தடையாகுமா? கடவுளை வரைய அனுமதிக்கலாமா? சென்ற வாரம், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவரும் இளைய மகனைத் தகப்பன் ஏற்றுக்கொள்ளும் கெட்ட குமாரன் உவமையை வாசித்து வரையச் சொன்னேன். மகன் தாள் முழுவதும் வயலை வரைந்து, நடுவில் மூத்த மகனைப் பெரிதாக நிறுத்திவிட்டான். தகப்பனும் இளையவனும் ஒரு மூலையில் மிகச் சிறியவர்களாக இருந்தார்கள். கதையின் கருத்து அதுவல்ல என்று சொல்லி, தகப்பன் மகனைக் கட்டியணைக்கும் படம் ஒன்றைக் கொடுத்து, அதைப் பார்த்து வேறு தாளில் வரையவைத்தேன். இப்படி அவர்கள் வழிதவறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சில காலமாக நான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. பாடத்திட்டம் எதையும் நான் பரிந்துரைக்கப்போவதில்லை; வேதாகமமும் பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும். உங்களுக்கு வரைய வராதது நல்லதே. பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் திருத்தும் ஆசை உங்களுக்கு வராது. கடவுளை வரையலாமா என்பதை உங்கள் சபையின் வழக்கத்துக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் விக்கிரகம் செய்யாதே என்று விலக்கும் அதே யாத்திராகமம்தான் பொன்னால் கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானவர்களின் உருவங்களை, செய்யச் சொல்கிறது. ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தின் வேலைக்காகப் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தேவ ஆவி நிரப்பியதாகவும் சொல்கிறது.

உங்கள் மகனின் படத்தை நீங்கள் மாற்றவைத்ததுதான் என்னை வருத்துகிறது. அவன் எதையும் இட்டுக்கட்டவில்லை. லூக்கா 15-ஆம் அதிகாரத்தின் 25-ஆம் வசனத்தைப் பாருங்கள்: மூத்த மகன் வயலில் இருந்தான் என்றுதான் எழுதியிருக்கிறது. அவன் வீட்டை நெருங்கும்போது பாட்டும் ஆட்டமும் கேட்கிறது. கோபப்பட்டு உள்ளே போக மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலேயே உவமை முடிகிறது. பாவிகளோடு இயேசு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயர், வேதபாரகர் என்ற யூத மதத் தலைவர்களுக்குச் சொல்லப்பட்ட உவமை இது என்று அதே அதிகாரத்தின் தொடக்கம் சொல்கிறது. அப்படியானால் வயலிலிருந்து வரும் அந்தக் கோபக்காரன்தான், கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் முகம். கருத்து அதுவல்ல என்று எந்தத் துணிவில் சொன்னீர்கள்?

நெதர்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் தம் கடைசி ஆண்டுகளில் இதே கதையை வரைந்தார். அந்த ஓவியம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தகப்பனின் இரு கைகளும் இளையவனின் முதுகின் மேல் இருக்க, வலப்பக்கம் செந்நிற மேலாடையுடன் விறைப்பாக நிற்கும் ஒருவரை மூத்த மகன் என்றே பலரும் கொள்கிறார்கள். அந்த மாமேதையும் அவனை ஒதுக்க முடியாமல் கூடவே நிறுத்தினார். ஆனால் வசனப்படி, இளையவன் வந்து சேரும் அந்த நேரத்தில் மூத்தவன் வயலில் அல்லவா இருக்கிறான்? இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஏழு வயது மகன் ரெம்பிராண்டைவிட லூக்காவுக்கு அருகில் நிற்கிறான். அவனுக்கு நீங்கள் யாரோ வரைந்த படத்தைப் பார்த்து வரையக் கொடுத்திருக்கிறீர்கள்.

ஞாயிறு பள்ளியில் எனக்கும் அச்சடித்த தாள்களைத்தான் கொடுத்தார்கள். உருண்டையான ஒரு படகு, அதன் மேல்தட்டிலிருந்து கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி, புன்னகைக்கும் நோவா. கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டினால் பாராட்டு கிடைக்கும். நானும் தாண்டாமல் தீட்டினேன். பெருவெள்ளத்துக்காக நோவா கட்டிய அந்தப் பேழையைப் பற்றி அந்த ஆண்டுகளில் நான் எதையும் அறிந்துகொள்ளவில்லை என்பதை, வளர்ந்த பிறகு ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தபோதுதான் உணர்ந்தேன். நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. மூன்று தளங்கள், பக்கவாட்டில் ஒரு கதவு. அது நீண்டு கிடக்கும் ஒரு பெட்டி.

இதை உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். முழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் நீளம் 30 சென்டிமீட்டர், உயரம் 3 சென்டிமீட்டர். ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர்தான் என்பதால் பேழை அதற்குள் நேராக அடங்காது. இரண்டு தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் ஓர் ஆளை அதே அளவில் நிறுத்தச் சொன்னால் அவன் நான்கு மில்லிமீட்டர்கூட இருக்கமாட்டான். அந்தச் சின்னக் கோட்டைப் போட்டுவிட்டு அவர்கள் உங்களை நிமிர்ந்து பார்த்துக் கேட்கும் கேள்விகளை எந்த வண்ணம் தீட்டும் தாளாலும் எழுப்ப முடியாது.

வசனத்தில் உள்ளதை அப்படியே வரைவது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. உட்ரெக்ட் சங்கீதச் சுவடி என்று, வேதாகமத்தின் சங்கீதங்களைப் படங்களோடு எழுதிய பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ரீம்ஸ் வட்டாரத்தில் உருவானது. அதை வரைந்தவர்கள் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு பேனாவால் கோடிழுத்தார்கள். ஆண்டவரே, ஏன் தூங்குகிறீர் என்று 44-ஆம் சங்கீதம் கூப்பிடும் இடத்தில், ஆண்டவரைக் கட்டிலிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்கிறவன் அந்தச் சங்கீதத்தின் துணிச்சலை ஒருபோதும் தவறவிடமாட்டான்.

ஆகவே பிள்ளைகள் வரைந்து முடித்ததும் படம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இது எந்த வசனத்தில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். காட்டினால் மகிழுங்கள்; காட்ட முடியாவிட்டால் அவர்களோடு உட்கார்ந்து மறுபடியும் வாசியுங்கள், ஆனால் படத்தில் கை வைக்காதீர்கள். உங்கள் மகனின் முதல் படத்தைத் தூக்கி எறிந்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை அவனிடம் திருப்பிக் கொடுத்து, அவன்தான் சரியாக வாசித்தான் என்று அவன் அக்காவின் முன்னிலையில் சொல்லுங்கள். பிள்ளைகள் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மத்தேயு 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர், பிள்ளையாகிய இயேசுவை எங்கே கண்டார்கள் என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல், வசனத்தை மட்டும் இரண்டு முறை மெதுவாக வாசித்துவிட்டுத் தாளைக் கொடுங்கள். உங்கள் மகள் எத்தனை பேரை வரைந்தாள், தொழுவத்தை வரைந்தாளா வீட்டை வரைந்தாளா என்று எனக்கு எழுதுங்கள்.