ஏஜென்சியில் ஒரு கல்லறை

அன்புள்ள ஐயா,

ஊர்ப்பெயர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், விரட்டப்பட்டவரின் பெயரை விரட்டியவர் வைப்பதில் மரியாதையே கிடையாது என்று ஒரே போடாகப் போட்டிருந்தீர்கள். போன மாதம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏஜென்சி என்ற சின்ன ஊரில் வாபெல்லோ என்பவரின் கல்லறையைப் பார்த்தேன். மெஸ்க்வாக்கி என்ற பூர்வகுடி இனத்தின் தலைவர் அவர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அருகிலேயே வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் கல்லறை. அந்தக் கவுண்டிக்கே (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாபெல்லோ என்றுதான் பெயர், கோர்ட் கட்டடத்தின் உச்சியில் அவருக்குச் சிலையும் வைத்தார்களாம். இதையும் மரியாதை இல்லை என்பீர்களா?

அயோவாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே போடாகப் போட்டது தப்புதான். அந்தக் கல்லறையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர் ஜோசப் ஸ்ட்ரீட், பூர்வகுடிகளோடு அரசு வைத்திருந்த கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொண்ட அதிகாரி. அந்த வேலைக்கு ‘ஏஜென்ட்’ என்று பெயர், ஊருக்கு ஏஜென்சி என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ஸ்ட்ரீட் 1840-ல் இறந்தார். வாபெல்லோ 1842 மார்ச்சில், வேட்டைக்குப் போன இடத்தில் இறந்தார். ஸ்ட்ரீட் பக்கத்திலேயே என்னையும் புதையுங்கள் என்று வாபெல்லோ கேட்டிருந்தார், அப்படியே செய்தார்கள். இரண்டு மனிதர்களுக்கு நடுவில் இருந்த மரியாதை அது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கவுண்டிக்குப் பெயர் வைத்த கதைதான் வேறு. தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். வாபெல்லோ இறந்து ஏழு மாதம் கழித்து, 1842 அக்டோபர் 11 அன்று, அதே ஏஜென்சியில் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. சாக், மெஸ்க்வாக்கி மக்கள் அயோவாவில் மிச்சமிருந்த நிலம் முழுவதையும் விற்றார்கள். எட்டு லட்சம் டாலர் என்று பேச்சு, ஆனால் கைக்கு வருவது வருஷா வருஷம் அதற்கான ஐந்து சதவீத வட்டிதான். 1843 பிப்ரவரியில் அந்த நிலத்தைக் கவுண்டிகளாகக் கூறுபோட்டுப் பெயர் வைத்தார்கள். மே முதல் தேதி பிறந்த நள்ளிரவில் எல்லையில் காத்திருந்த குடியேறிகள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடி, தீப்பந்த வெளிச்சத்தில் முளையடித்து இடம் பிடித்தார்கள். அதாவது பெயர் வைத்த சமயத்தில் வாபெல்லோவின் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரைக் கிளப்பிவிட்டு, வாசலில் அவர் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைத்த மாதிரி.

வாபெல்லோவும் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1822, 1830, 1832, 1836, 1837 என்று ஐந்து ஒப்பந்தங்களில் அவர் பெயர் இருக்கிறது. 1837-ல் வாஷிங்டனுக்கே போனார், அப்படியே பாஸ்டனுக்கும் போய் அங்கே பேசினார். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்தவர், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக் காலத்தை வாங்கப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு குழப்பம், நீங்களே மாட்டியிருப்பீர்கள். வாபெல்லோ என்ற ஊர் வாபெல்லோ கவுண்டியில் இல்லை. கிழக்கே லூயிசா கவுண்டியின் தலைநகரம் அது. வாபெல்லோ கவுண்டிக்குத் தலைநகரம் ஒட்டம்வா. ஒருவருக்கு மரியாதை செய்வதில்கூட ஒருங்கிணைப்பு இல்லை!

இதே வரிசையில் பவஷீக் கவுண்டியும் உண்டு, அவரும் மெஸ்க்வாக்கித் தலைவர்தான். அந்தக் கவுண்டியில் உள்ள கிரின்னெல்லில் 1870-ல் ஒரு பேராசிரியர் சின்னப் பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றை விவரித்து, கவுண்டியின் பெயரையே அதற்கு வைத்தார். அது உயரப் புல்வெளியில் வாழ்கிற பூச்சி. அயோவாவின் புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை, எல்லாம் சோளமும் சோயாவும்தான். இப்போது அந்தப் பூச்சி அயோவாவில் கிடையாது. மிச்சிகனிலும் கனடாவின் மானிடோபாவிலும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை உவமையாகப் பயன்படுத்தக் கை துறுதுறுக்கிறது, வேண்டாம்.

‘ஃபாக்ஸ்’ என்று மெஸ்க்வாக்கி மக்களை அழைத்ததும் இரவல் பெயர்தான். நரிக்குலத்தைச் சேர்ந்த சிலரைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் மொத்த இனத்துக்கும் நரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது மெஸ்க்வாக்கி, அதாவது செம்மண் மக்கள் என்று. அரசு ஆவணங்களில் இன்னும் ‘சாக் அண்ட் ஃபாக்ஸ்’ தான்.

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் டேமா கவுண்டிக்குப் போய்விட்டு வாருங்கள். அதுவும் ஒரு மெஸ்க்வாக்கித் தலைவரின் பெயர். 1842 ஒப்பந்தத்துக்குப் பிறகு கான்சாஸுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலருக்கு அங்கே ஒட்டவில்லை. திரும்பத் திரும்ப அயோவாவுக்கே வந்தார்கள், சிலர் போகவே இல்லை. 1856-ல் மாநில அரசு, சரி, இருந்துகொள்ளுங்கள் என்று சட்டம் போட்டது. 1857-ல் டேமாவில் 80 ஏக்கர் வாங்கினார்கள், விலை ஆயிரம் டாலர். ஏக்கருக்குப் பன்னிரண்டரை டாலர். மத்திய அரசு குடியேறிகளுக்கு நிலம் விற்ற அடிப்படை விலை ஒன்றேகால் டாலர்! இன்று அது எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அரசு ஒதுக்கிக் கொடுத்த இடம் இல்லை என்பதால் ரிசர்வேஷன் என்று சொல்ல மாட்டார்கள், ‘செட்டில்மென்ட்’ என்பார்கள்.

தங்கள் தலைவர் பெயர் போட்ட கவுண்டியில், தங்கள் காசைக் கொடுத்து வாங்கிய நிலம். ஆனால் பத்திரத்தை அவர்கள் பெயரில் எழுதவில்லை. மாநில ஆளுநர் பெயரில், அவர்களுக்காக அவர் வைத்திருப்பதாக எழுதினார்கள்.

அன்புடன்.